ஜெயக்கொடியின் வாய்

வாய் மட்டும்தான் பாக்கி. மற்றதெல்லாம் முடிந்து பொம்மை மேஜைமேல் நிற்கிறது, ஒரு சாண் உயரத்துக்கு, முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடிக்க, பின்பக்கத்தைத் தூக்கி, தொப்பையை ஹாக்கி மட்டைக்கு மேலே தொங்கவிட்டபடி. மேலேயிருந்து மூக்குவரைக்கும் ஜெயக்கொடி, கீழேயிருந்து தாடைவரைக்கும் ஜெயக்கொடி, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு யாருமே இல்லை, வெறும் மஞ்சணத்திக் கட்டை. சொரிமுத்து கத்தியை எடுத்தான், வைத்தான், திரும்ப எடுத்தான். எடைமேடை ஆபீசின் மின்விசிறி லொடலொடவென்று ஓடுகிறது, காற்று மட்டும் வேறு எங்கேயோ போகிறது. ஜன்னலுக்கு வெளியே லாரி ஏறும் இரும்புத்தளம் மத்தியான வெயிலில் மல்லாந்து கிடக்கிறது. லாரி வந்தால் எடையைப் பார்த்துச் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும், வராத நேரத்தில் அவன் ராஜா, மடியில் துண்டை விரித்துக்கொண்டு மரம் செதுக்கலாம், கேட்பார் கிடையாது. சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் பொம்மை மைதானத்தில் இருக்க வேண்டும். ஊரில் இரண்டு கிளப், ஸ்டேஷன் ரோடும் சந்தைப்பேட்டையும், ஹாக்கிக்காக ஆண்டு முழுக்க முறைத்துக்கொள்வார்கள், கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து ரசத்தைப் பற்றிக் குறை பேசுவார்கள். எவனாவது ஆட்டத்தை விடுகிறான் என்றால் எதிர் கிளப்தான் அவனுக்குப் பொம்மை கொடுக்க வேண்டும், கேலிப் பொம்மை. சொந்தக் கிளப்பிடம் விட்டால் சால்வையும் பொய்யும்தான் வரும், எதிரே நின்றவனுக்குத்தானே உன் கோணல் தெரியும். வாங்கினவன் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவான், மைதானம் மொத்தமும் சிரிக்கும். சிரிக்காவிட்டால் அதைவிட மானக்கேடு இல்லை, இவ்வளவு காலம் ஆடியும் உன்னை ஒருத்தரும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஊரில் இந்த வேலைக்கு இருக்கிற கை சொரிமுத்துவின் கை ஒன்றுதான், அதனால் தன் சந்தைப்பேட்டை ஆளுக்கே செய்யும்போது அன்றைக்கு ஒருநாள் ஸ்டேஷன் ரோட்டுக்காரனாகக் கட்சி மாறிக்கொள்வான். புல்பேக் அந்தோணிக்கு உடம்பைவிடப் பெரிய முட்டி வைத்தான். காலுறை எப்போதும் கணுக்காலுக்கு வழிந்துவிடும் கோமதிநாயகத்துக்கு இடுப்பிலிருந்தே வழியவிட்டான், கோமதியின் மாமியார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. அதெல்லாம் கை தானாகச் செய்த வேலை. ஸ்டேஷன் ரோட்டு ஜெயக்கொடியின் பொம்மையில்தான், ஒரே ஒரு வாயில், மூன்று நாளாகக் கை வந்து நிற்கிறது.

ஹாரன். மரத்தடி ஏற்றிய லாரி தளத்தில் ஏறி மூச்சு வாங்கியது. சொரிமுத்து எழுந்து பொத்தானை அமுக்கினான், சீட்டு இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் டிரைவர் இறங்கி ஜன்னலில் முகத்தை வைத்துவிட்டான், தீப்பெட்டி ஆபீசுக்கு எப்போதும் தடி ஏற்றி வருகிற இசக்கிதான், வந்தால் பொம்மையைப் பார்க்காமல் போகமாட்டான். "அண்ணாச்சி, யாரு இது? கால பாருங்க, செருப்பத் தொலைச்சவன் முள்ளுக்குள்ள நடக்கிற மாதிரி!" என்று சிரித்தான், தொப்பையை ஒரு விரலால் தடவினான், இன்னும் சிரித்தான், கண்ணுக்கு வந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, அதற்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. "மூஞ்சி மட்டும் யாருதாவும் இல்லையே அண்ணாச்சி." "வாய் வைக்கல." "வச்சிர வேண்டியதுதான? வாய்னா என்ன, ஒரு கோடு." "ஒரு கோடுதான்" என்றான் சொரிமுத்து. இசக்கி சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போய்விட்டான். ஒரு கோடுதானாம். இவன் லாரியை ஊருக்குள் ஓட்டுகிற லட்சணத்துக்கு இவனுக்குக் கோட்டைப் பற்றி என்ன தெரியும். ஆனால் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல், கோடு ஒன்றுதான், அதை நேராகப் போடுவதா, கோணலாகப் போடுவதா. நேராகப் போட்டால் ஒருத்தருக்கும் வருத்தமில்லை. காலையில் சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுக்கும்போது பேச்சித்தாய் அதைத்தான் சொன்னாள், "ஏங்க, வாய மட்டும் நேரா வச்சிருங்க. அந்தப் பிள்ள செல்வக்கனி மூஞ்சிய நான் பாக்கணும்ல." செல்வக்கனி ஜெயக்கொடியின் மனைவி, பேச்சித்தாயோடு ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிப்பவள். கிளப் செயலாளரும் அதையேதான் சொன்னார், அவர் கொஞ்சம் சுற்றிவளைத்து, மனிதாபிமானம் அது இது என்றெல்லாம் சேர்த்து. ஏனென்றால் ஜெயக்கொடியின் வாய் இப்போது நிஜமாகவே கோணியிருக்கிறது. மழைக்காலத்தில் ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் தண்ணீரைக் கொப்பளித்தான், தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது, பக்கவாதம். இடதுகைக்கு முக்கால்வாசி உணர்வு திரும்பிவிட்டது, பேச்சு மெதுவாக வருகிறது, வாய் மட்டும் வலப்பக்கம் இழுத்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஆட்டத்தை விடுகிறான் என்றால் அதனால்தான் விடுகிறான்.

ஆனால் அந்த வாய் முன்னாலும் அப்படித்தான் இருந்தது. இதை யாரிடம் சொல்ல. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, அவன் மனைவிக்குத் தெரியாது, அவனுக்கே தெரியாது, சொரிமுத்து ஒருவனுக்குத்தான் தெரியும், ஏனென்றால் அத்தனை வருஷமும் கோல் கம்பத்துக்கு நடுவில் தலைக்கவசக் கம்பி வழியாக நேருக்கு நேர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் அவன் ஒருவன்தான். கூட ஆடுகிறவன் முதுகைப் பார்க்கிறான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் விலாவைப் பார்க்கிறான், மறிக்க வருகிறவன் மட்டையைப் பார்க்கிறான். முகம் கோல் காக்கிற கோலிக்கு மட்டும். என்ன முகம் அது! ஆள் அழகனா என்றால் கிடையாது, ஓடுவதைப் பார்த்தால் முதல்முறை வருகிறவன் கைகொட்டிச் சிரிப்பான், முட்டி இடிக்கும், தொப்பை ஒரு பக்கம் போனால் கால் இன்னொரு பக்கம் போகும், இந்த ஆளையா சென்டர் பார்வர்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று வெளியூர் அணிக்காரன் ஒவ்வொருத்தனும் முதல் ஐந்து நிமிஷம் சந்தோஷப்பட்டிருக்கிறான். பிறகு பந்து அவனிடம் வரும். வந்தால் போகாது. மட்டையின் நுனியில் பந்து ஒட்டிக்கொண்டு வரும், தாயின் இடுப்பில் இருக்கிற பிள்ளை மாதிரி, அவள் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் சண்டை போட்டாலும் அதுபாட்டுக்கு உட்கார்ந்திருக்குமே, அப்படி. மணிக்கட்டு மட்டும்தான் அசையும், இங்கே ஒருவன் விழுவான், அங்கே ஒருவன் தன் காலிலேயே தடுக்குவான், ஜெயக்கொடி யாரையும் தொட்டிருக்கமாட்டான். எதிர் அணியில் நின்றுகொண்டே சொரிமுத்துவுக்கு எத்தனையோ தரம் தோன்றியிருக்கிறது, ஐயோ, இதை உட்கார்ந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே, வேர்த்து ஒழுகிக்கொண்டு மறிக்க வேண்டியிருக்கிறதே என்று. கோலுக்கு முன்னாலுள்ள வட்டத்துக்குள் வந்ததும் ஜெயக்கொடி மட்டையை ஓங்குவான். பாதி நேரம் அது ஏமாற்று, ஓங்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விடுவான், கோலி தரையில் விழுந்து கிடப்பான். அந்த ஓங்கலில் பொய் எது நிஜம் எது என்று உலகத்தில் எவனாலும் சொல்ல முடியாது, தோளும் இடுப்பும் காலும் கண்ணும் எல்லாம் ஒரே மாதிரி. வாய் மட்டும். நிஜமாக அடிக்கப்போகிறான் என்றால் உதடு வலப்பக்கம் காதை நோக்கி ஓடும், யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி, ஒரு கண் சற்றே இடுங்கும், பொய் என்றால் வாய் நேராக, கோயிலில் நிற்கிற ஆள் மாதிரி சாந்தமாக இருக்கும். அதைக் கண்டுபிடித்த ஆட்டம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, கோயில் கொடைவிழாக் கோப்பை, கடைசி நிமிஷம், வாய் கோணுவதைப் பார்த்தான், பாய்ந்தான், பந்து காலில் கட்டிய பேடில் பட்டுத் தெறித்தது, சந்தைப்பேட்டை மொத்தமும் உள்ளே ஓடிவந்து அவனைத் தூக்கியது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. மற்ற ஆட்டங்களைப் பற்றி இப்போது என்ன. ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை, தன் புல்பேக்குகளிடம்கூட. சொன்னால் டீக்கடைக்குப் போகும், டீக்கடையிலிருந்து ஜெயக்கொடிக்குப் போகும், அவன் மாற்றிக்கொள்வான். அதனால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான், மூன்று நாளாக வேறு ஒன்றும் தோன்றுகிறது, பகிர்ந்துகொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான், அந்த ஆட்டம் எல்லோருக்கும், அந்த வாய் எனக்கு.

பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டான். கழுத்தில் மாலை போட்டுச் சுவரில் மாட்டிவிடலாம். வார்டு கவுன்சிலர் மாதிரி இருக்கிறது, மட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையும் கூப்பி ஓட்டுக் கேட்கும். எச்சில் தொட்டு அழித்தான். கோணலாகப் போட்டான். உடனே பொம்மைக்கு உயிர் வந்தது, முட்டி ஏன் மடங்கியிருக்கிறது, தோள் ஏன் ஏறியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் காரணம் வந்தது, சொரிமுத்துவின் இடதுகால் மேஜைக்கு அடியில் தானாக நகர்ந்தது. அடச்சீ. அன்றைக்கும் இந்தக் கால்தான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தான், ஆரஞ்சுப் பழப் பையோடு, என்ன பேசுவது என்று மாடிப்படி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு. வார்டில் கடைசிக் கட்டில். செல்வக்கனி தலையணையை நிமிர்த்திக்கொண்டிருந்தாள், அவள் விலகினாள், அந்த முகம் நேருக்கு நேர் வந்தது, வாய் வலப்பக்கம் காதை நோக்கி இழுத்து, ஒரு கண் இடுங்கி, அவ்வளவுதான், சொரிமுத்துவின் முட்டி மடங்கிவிட்டது, இரண்டு கையும் மேலே வந்துவிட்டன, ஓரடி பின்னால் வைத்து இடப்பக்கம் சாய்ந்துவிட்டான், குளுக்கோஸ் கம்பி ஆடியது, ஆரஞ்சு உருண்டு பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போனது. நிஜம், அடிக்கப்போகிறான் என்று உடம்பு நினைத்துவிட்டது, உடம்புக்கு ஆஸ்பத்திரி தெரியுமா, வாதம் தெரியுமா. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் ஜெயக்கொடி பார்த்துவிட்டான். என்ன பார்த்தான்? என் முகத்தைக் கண்டதும் இவன் பயந்து பின்வாங்கினான், இத்தனை நாள் பழகினவன், அருவருத்துக் கையைத் தூக்கினான், அதைத்தானே பார்த்திருப்பான், வேறு எதைப் பார்க்க முடியும். மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஆட்டத்தில் எவன் மட்டையால் அடித்தாலும் முகத்தைத் திருப்பாத ஆள். கால் வழுக்கிவிட்டது என்று சொரிமுத்து உளறினான், தரையைத் துடைக்கவே மாட்டார்கள் இந்த ஆஸ்பத்திரியில் என்று வேறு சேர்த்துக்கொண்டான், காய்ந்த தரை. பிறகு போகவில்லை. இன்றைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று நினைத்து நினைத்து, அவன் வீட்டுக்கும் வந்துவிட்டான், தெருவில் நடக்கவும் ஆரம்பித்துவிட்டான், இவன்தான் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறான். பேச்சித்தாயிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாளா, அழுவாளா என்று தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது.

இப்போது இந்தக் கோணல் வாயை வெட்டி மேஜைமேல் வைத்தால் என்ன ஆகும். அவன் துணியை விலக்கிப் பார்ப்பான். பின்வாங்கினது போதாது என்று மரத்திலும் செதுக்கி ஊருக்குக் காட்டுகிறான் என்று நினைப்பான். தலைக்குமேல் தூக்குவான், வழக்கத்தை மீறுகிற ஆள் இல்லை, தூக்கத்தான் செய்வான், அந்த இடதுகை நடுங்கிக்கொண்டே தூக்கும், மைதானம் பார்க்கும், ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள். நேராகவே வெட்டித் தொலைத்தால் என்ன. தொப்பைக்குச் சிரிப்பார்கள், முட்டிக்குச் சிரிப்பார்கள், போதாதா. எல்லோரும் நல்லவர்களாக வீட்டுக்குப் போகலாம். ஜெயக்கொடி மட்டும் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெரிந்துகொள்வான், ஓ, என் முகத்தை இவனால் பார்க்க முடியவில்லை, மரத்தில்கூட. நேராக வைத்தால்தான் அது பின்வாங்கினது ஆகும், இது இவ்வளவு நேரம் தோன்றவில்லையே, மூன்று நாளாக இரண்டு பக்கமும் ஒரே பயம்தான், அதில் நேர்வாய் மட்டும் பொய். நான் பார்த்த முகம் இது. உலகத்திலேயே அழகான முகம் இது, பாவி, வலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு அடி வரப்போகிற முகம், அதற்கு முந்திய இமைப்பொழுது, அதை வாதம் வந்து எடுத்துக்கொண்டது என்றால் வாதத்துக்கே கொடுத்துவிடுவதா. எவன் வீட்டுச் சொத்து. ஹாக்ஸா பிளேடைத் தேய்த்துச் செய்த சின்னக் கத்தியை எடுத்தான், கட்டைவிரலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்தான், மரம் மெத்தென்று இடம் விட்டது, மஞ்சணத்திக்கு இந்தக் குணம் உண்டு, பிடிவாதம் பிடிக்காது. வலப்பக்கம், காதை நோக்கி, இன்னும் கொஞ்சம், கேலிப் பொம்மை என்றால் நிஜத்தைவிட ஒரு பங்கு கூட வேண்டும், காதுவரைக்கும் போகட்டும், காதைத் தாண்டிப் பிடரிக்கே போகட்டும். தன் உதடும் கூடவே வலப்பக்கம் ஓடுவது அவனுக்குத் தெரிந்தது. வெளியே பருத்தி லாரி ஹாரன் அடித்தது, இரண்டு தரம், மூன்று தரம், கோணிய வாயோடேயே எழுந்துபோய்ச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான், டிரைவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். இடுங்கிய கண்ணுக்கு மேல் ஒரு சின்னக் கீறல். உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான். பொம்மையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தான். ஜெயக்கொடி அவனைப் பார்த்து அடிக்க வந்துகொண்டிருந்தான்.

சிரித்துவிட்டான், தனியாக, சத்தம் போட்டு. சிரித்த கையோடு பயமும் வந்தது. மைதானத்துக்குப் போகும் ஆட்கள் சாலையில் தென்பட ஆரம்பித்தார்கள், சைக்கிளில் மட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர், ஒலிபெருக்கிப் பெட்டியோடு ஒரு ஆட்டோ. மைதானத்தில் வைத்து, அத்தனை பேர் நடுவில், அவன் முதல்தரம் இதைப் பார்க்கக்கூடாது. இது வழக்கமில்லை, துணி போட்டு மூடித்தான் கொண்டுபோக வேண்டும், வாங்குகிறவன் முன்கூட்டியே பார்க்கவே கூடாது. வழக்கமாவது ஒன்றாவது, ஆஸ்பத்திரியில் பாய்ந்தது மட்டும் வழக்கமா. வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாமா என்று எழுந்தான், மேடையை யாரிடம் விட்டுப் போவது என்று உட்கார்ந்தான், என்ன சொல்வது, உன் வாய் எப்போதுமே கோணல்தான் என்றா, மறுபடி எழுந்தான். அப்படி எழுந்து நிற்கும்போதுதான் ஸ்கூட்டர் வந்து தளத்தின் ஓரத்தில் நின்றது. செல்வக்கனி ஓட்டி வந்தாள், பின்னால் ஜெயக்கொடி, கிளப் சட்டை, நெற்றியில் சந்தனம், மடியில் சால்வைக்கு என்று ஒரு காலிப் பை, முன்யோசனைக்காரி அவள்.

"அண்ணே, இவுக உங்களக் கூட்டிக்கிட்டுத்தான் போகணுமாம்" என்றாள் செல்வக்கனி. "ஒரு மாசமா நீங்க சுத்துத் தெருவுல போறத மாடியில இருந்து பாத்துக்கிட்டே இருக்காக." சொரிமுத்து பொம்மையை மறைக்கத் துண்டைத் தேடினான், துண்டு மரச்சீவலோடு தரையில் கிடந்தது. ஜெயக்கொடி அதற்குள் உள்ளே வந்துவிட்டான். மேஜையைப் பார்த்தான். கையில் எடுத்தான், இடதுகையால்தான் எடுத்தான், வலதுகையைக் கீழே முட்டுக் கொடுத்து. செல்வக்கனி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள், பார்த்ததும் அவள் முகம் கறுத்தது. "என்ன அண்ணே இது? ஊரே நேரா வைக்கச் சொல்லிச்சாமே. நீங்களா இப்படி?" சொரிமுத்து குறுக்கே வந்தான். "இல்ல தங்கச்சி, அது வாதம் இல்ல" என்றான். "அது இப்ப உள்ள வாய் இல்ல. அது அடிக்கிற வாய். வே ஜெயக்கொடி, உமக்குத் தெரியாது, நீரு நிஜமா அடிக்கப் போறீருன்னா வாய் இப்படித்தான் போகும், மொத நாள்ல இருந்தே இப்படித்தான். எனக்கு மட்டுந்தான் தெரியும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பயந்து பின்னால போகல வே. நீரு அடிக்கப் போறீருன்னு நெனச்சிட்டேன். கால் தானா போயிருச்சு." சொல்லச் சொல்லக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கூடத் தோன்றவில்லை, போதாக்குறைக்கு முட்டியை மடக்கிக் கையைத் தூக்கி, அந்த ஆபீஸ் அறைக்குள் நாற்காலியில் இடித்துக்கொண்டு அவன் பாய்ந்தும் காட்டிவிட்டான்.

ஜெயக்கொடி பொம்மையை வெளிச்சத்துக்குத் திருப்பினான். ஒரு விரலால் அந்த வாயைத் தடவினான், பிறகு அதே விரலால் தன் வாயை. மின்விசிறி லொடலொடத்தது. பேசியபோது சொற்கள் ஒவ்வொன்றாக, ஒரு பக்கமாக வந்தன.

"ஏமாத்தும்போது?"

"நேரா இருக்கும். சாமி கும்பிடுத மாதிரி."

"அப்ப, நிஜம் எது, பொய் எதுன்னு, உமக்கு முன்கூட்டியே தெரியும்."

"தெரியும்."

"எல்லா ஆட்டத்துலயும்?"

"எல்லா ஆட்டத்துலயும் வே. சத்தியமா." சொரிமுத்துவுக்குக் குரலில் பெருமைகூட வந்துவிட்டது.

ஜெயக்கொடி தலையை மெல்ல ஆட்டினான். யோசித்தான். இடுங்கிய கண் இன்னும் கொஞ்சம் இடுங்கியது.

"தெரிஞ்சுமா வே, அத்தன கோல வாங்குனீரு?"

செல்வக்கனிதான் முதலில் சிரித்தாள்.